சுக்மணிக்கு விட்ட இடம்

இன்று கல்லறைத் திருநாள். ஆம்பூர் முழுக்கத் தோல் வாடை அடித்தாலும் நம் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சாமந்தியும் உருகிய மெழுகும் மணக்கின்றன. மூன்று மெழுகுவத்திகள் கொண்டு வந்தேன். ஒன்று என் வீட்டுக்காரருக்கு, ஒன்று உனக்கு. மூன்றாவது யாருக்கென்று உனக்கே தெரியும். சிரிக்காதே.

நம் ஷூ கம்பெனியில் உன் பக்கத்து மெஷினில் தைத்தவள் சுக்மணி. ஜார்க்கண்டிலிருந்து அண்ணனோடு வந்திருந்தாள். அவள் பேச்சு உனக்குப் புரியாது, உன் பேச்சு அவளுக்குப் புரியாது. ஆனாலும் உன் டிபன் டப்பாவில் பாதி அவளுக்குத்தான் போகும். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். அந்த அண்ணன் ஒவ்வொரு இடுகாடாகப் போய்க் கெஞ்சினான். "நீ எங்காளுங்க இல்லியே" என்று எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் நம் கல்லறை வாசலில் வண்டியை நிறுத்தினான். நம் மாதா கோயில் பங்குக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

கணவன் கல்லறைக்குப் பக்கத்தில் மனைவிக்கு இடம் விட்டுவைப்பது நம் வழக்கம். நீ உள்ளே போய், உனக்கென்று விட்டிருந்த அந்த இடத்தில் நின்றுகொண்டு, "இத்த அந்தப் பொண்ணுக்குக் குடுங்க" என்றாய்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னாடி பேசற? உன் புருஷன் பக்கத்துல யாரோ ஒருத்தியா? நாளைக்கு நீ எங்கடி போவ?"

"நான் இன்னும் சாவலியே. அவ செத்துட்டாளே."

பங்குச் சாமியாரே போய் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

ஆறு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. நீதான் வந்து பேசினாய். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை, கேட்க வாயும் வரவில்லை. பிறகு நீ போனபோது பின்மதிலோரம், குழாயடிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கே உன்னை இறக்கும்போது நான் அழுதது பாதி துக்கத்தில், பாதி கோபத்தில்.

இன்று அந்த அண்ணன் பெண்டாட்டியோடு வந்திருந்தான். நேரே மதிலோரம் வந்து, உன் கல்லறையைக் கழுவிப் பூ வைத்தான். "முதல்ல அம்மாவுக்கு, அப்பறம்தான் தங்கச்சிக்கு" என்றான். நம்மூர்த் தமிழ் அவனுக்கு நன்றாக வந்துவிட்டது. அவன் போன பிறகு சுக்மணிக்கு நானும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பக்கத்தில் எனக்கு விட்டிருக்கிறார்களே இடம், போக்கிடமில்லாமல் எனக்கு முன்னால் யார் வந்தாலும் அதைக் கொடுத்துவிடும்படி போன ஞாயிறு சாமியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். அங்கே பார்த்தால் நீயே பேசிச் சமாதானப்படுத்து. எனக்கு உன் மதிலோரத்தில் கொஞ்சம் இடம் போதும்.