லட்சுமம்மா கொடுத்த மனு

செவ்வாய், இரவு.

எங்கள் மாரெட்பள்ளி அபார்ட்மென்டைப் பெருக்கும் லட்சுமம்மா தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்து பத்து நாளாகிறது. கால் தவறியதாகப் போலீஸ் எழுதிக்கொண்டு போனதோடு சரி. இன்று அவர் மகள் ஸ்வப்னாவிடம் விசாரித்தேன். தொட்டி மூடி உடைந்திருப்பதாகத் தன் அம்மா முன்பே மனு கொடுத்தார் என்றாள். அசோசியேஷன் செயலாளரிடம், அதாவது என் அப்பாவிடம்.

சாப்பிடும்போது அப்பாவைக் கேட்டேன்.

“எந்த மனுவும் வரலை. இதெல்லாம் உனக்கு எதுக்கு? பரீட்சைக்குப் படி” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா மோர் ஊற்றினாள். பிறகு என் அறைக்கு வந்து தன் போனை நீட்டினாள். அதில் மனுவின் படம். அம்மாவின் கையெழுத்து.

“அவளுக்கு எழுதத் தெரியாதுடி. நான்தான் எழுதிக் குடுத்தேன். நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வரேன்.”

அப்பாவிடம் யார் சொல்வது என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.