மிஞ்சிய கஸ்தூரி

வெள்ளிவரை நாட்டைக் குடைநிழலில் காத்தருளும் அடலேறு வேள்மாறரின் திருவாய்மொழி ஏற்று, தலைமை அமைச்சர் விழுப்பரையர் விடுக்கும் ஓலை. தென்துறை நாட்டதிபர் ஆவூர்க் கொற்றங்கிழார் காண்க. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் குடிகளை நோய் அணுகாதிருக்க.

நோயுற்றோரைப் பேணும் தலைநகர் ஆதுலர்சாலைக்கு முதல்வர் மருத்துவர் அருங்கலநம்பி என்பதைத் தாங்கள் அறிவீர்கள். காய்ச்சல் எதுவாயினும் கஸ்தூரியும் குங்குமப்பூவும் கலந்த மருந்தையே வழங்குவது அவர் வழக்கம். அரசரின் கொடையை நோயாளி நாவிலும் உணர வேண்டும் என்பார். கீழைக் கோட்டத்து ஆதுலர்சாலையின் முதல்வி கொற்றிநங்கையோ, எந்நோய்க்கு எம்மருந்து முதலில், எந்நிலையில் விலையுயர்ந்தது, எப்போது கஞ்சியும் ஓய்வுமே போதும் என நெறி வகுத்து, தம் மருத்துவர் யாவரையும் அதன்படி நடத்தினார். ஆண்டிறுதியில் அவர் சாலையின் செலவு பாதியாயிற்று; நலம்பெற்று வீடு திரும்பியோர் தொகை குறையவில்லை. அரசர் அவைநடுவே தம் தோளிலிருந்த பட்டுத்துகிலை எடுத்து நங்கைக்குப் போர்த்தினார்.

தலை நரைக்கும் வரை அதே அவையில் நின்ற நம்பிக்கு அரசர் வெற்றிலையன்றி வேறு அளித்ததில்லை. அன்று அவர் வீட்டில் சோறு இறங்கவில்லை. நெறியை ஏற்குமாறு யாம் பணித்தபோது, "ஏடு பார்த்து நாடி பிடிப்பவன் மருத்துவனா?" என்று சினந்து, சளி பிடித்தவனுக்கும் முன்னினும் தாராளமாகக் கஸ்தூரியை அளந்தார்.

மாரியில் கொடுங்காய்ச்சல் பரவியது; மலைவழி அடைபட, வணிகர் வரவு நின்றது. நம்பியின் மனைவி வெண்ணியார் சன்னி கண்டு, கணவரையே யாரென்று கேட்டபோது, அதற்கு வேண்டிய கஸ்தூரி அவர் சாலையில் குன்றிமணியளவும் இல்லை. வேறு வழியின்றி நங்கையின் வாயிலில் போய் நின்றார். நங்கை ஒன்றும் வினவாது கஸ்தூரிப் பேழையை நீட்டி, "இது என் கொடையன்று, ஐயா, நெறியால் மிஞ்சியது" என்றார்.

வெண்ணியார் பிழைத்தார். நலம் கேட்கச் சென்ற எம்மிடம் நம்பி, "அவள் போயிருந்தால் நானும் போயிருப்பேன். ஆயினும் அந்த அம்மையின் கையாலா பிழைக்க வேண்டும் என்று நெஞ்சு எரிகிறது, அமைச்சரே. இதற்கு என்னிடம் மருந்தில்லை" என்று சொல்லி முகம் மறைத்தார்.

மறுநாளே நெறியைத் தம் சாலையில் ஏற்றார். குறைகாணும் ஆவலில் அதை வரிவரியாகப் படித்தார். சூல்கொண்ட மகளிர்க்கு ஆகாத மருந்தொன்று அதில் இருப்பதைக் கண்டு, வென்றவர்போல் அவைக்கு விரைந்து வந்தார். நங்கையோ எழுந்து வணங்கி, அவ்விடத்தைத் திருத்தி, அருகே நம்பியின் பெயரைத் தம் கையால் பொறித்தார். மகிழ்வதா வெகுள்வதா என்றறியாது நின்றார் நம்பி.

ஆகவே அரசர் ஆணையாவது: அந்நெறி தங்கள் நாட்டுச் சாலைகள் எங்கும் நடக்க. அதனின்று விலகும் மருத்துவர் காரணம் உரைத்து விலகுக. மிஞ்சும் மருந்து கொடுநோய்க்கெனக் காக்கப்படுக. இவற்றை நிறுவ அருங்கலநம்பியே வருகிறார். பல்லக்கு அனுப்பி எதிர்கொள்க. வெள்ளிவரை நிற்குமளவும் இவ்வாணை நிற்க என இணைவேங்கை முத்திரை இட்டோம்.

நெறியை வகுத்தவர் பெயரைத் தங்கள் அவையில் எவரேனும் சொல்லி, நம்பியின் முகம் வாடக் கண்டால், காணாததுபோல் இருங்கள். இதுவும் அரச ஆணையே.