கம்ப்ரசர் சத்தத்துக்குக் காரணம் நான்தான்

நிர்மலா,

கார்ல வந்த கடகட சத்தம் நின்னுடுச்சி. தப்பு உம்மேல இல்ல, எம்மேலதான்.

காரைத் தாங்குற ஏர் சஸ்பென்ஷனுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரைப் போன மாசம் நானே கழட்டி மாட்டினேன் இல்ல, அப்ப அதுக்கடியில வைக்கிற ரப்பர் புஷ் ஒண்ண மறந்துட்டேன். இரும்பும் இரும்பும் இடிச்சுத்தான் வண்டியே அதிர்ந்திருக்கு. நேத்து சாயந்திரம் அடியில படுத்துப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. புஷ் என் ஸ்பேனர் பையிலயே கெடந்துது, எடுத்து மாட்டிட்டேன்.

அது தெரியாம, "மொரப்பூர் ரோட்டுப் பள்ளத்துல வுட்டுக் கெடுத்துட்ட"ன்னு உங்கண்ணன் முன்னாடியே கத்துனேன். நீ சாவிய மேசை மேல வெச்சிட்ட. பத்து நாளா பஸ்ல நின்னுக்கிட்டே ஸ்கூலுக்குப் போற.

இன்னிக்குக் காரை நீ எடுத்துட்டுப் போ. பாலக்கோட்டுக்கு வேலைக்கு நான் பஸ்ல போயிக்கிறேன். தக்காளிக் கொழம்பு வெச்சிருக்கேன், உப்புக் கொஞ்சம் தூக்கல். சாவி உன் டிபன் பையில இருக்கு.

மச்சானுக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லிட்டேன். "எங்கிட்ட எதுக்கு மாப்ள, அவகிட்ட சொல்லுங்க"ன்னாரு. நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரல. சாயந்திரம் வந்து நேர்லயும் சொல்றேன்.

மாதேஷ்

டிரைவர் சீட்டை உன் காலுக்கு எட்டுற மாதிரி முன்னாடி இழுத்து வெச்சிருக்கேன்.