ஏகமனதாக ஓர் ஆமை

06.02.2025, வியாழன்

கமக்காரர் அமைப்பின் வட்ஸ்அப் குழு இன்று உத்தியோகபூர்வமாகக் கலைக்கப்பட்டது. உண்மையில் அது செத்துக் கனநாள். தண்ணீர் திறக்கும் நாளை அறிவிக்கத் தொடங்கிய குழு. பிறகு பிறந்தநாள் கேக்குகள், பிறகு சண்டை. போன சிறுபோகக் கோடை விதைப்பில் வாய்க்காலின் கடைசிப் பக்கத்துக்கு ஏன் தண்ணீர் தரவில்லை என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க, செயலாளர் சிவகரன் அண்ணை அவர்களை ஒவ்வொருவராக நீக்கினார். குழு அவருடைய போனில் இருந்தது. அமைதி திரும்பியது.

தலைவர் தில்லைநாதன் ஐயா சொன்னார்: "இனி ஆரின்ர போனிலயும் வேண்டாம். ஒபிஸ் கொம்பியூட்டரில இருந்து முகநூல் பக்கம் நடத்துவம். பட்டதாரிப் பிள்ளை இருக்கிறாதானே."

அதைத் தீர்மானமாகவே எழுதினார்கள்: ஒருவரின் போனிலிருந்தும் பக்கத்தை இயக்கக் கூடாது.

பட்டதாரிப் பிள்ளை நான். ஆறு மாத ஒப்பந்தத்தில் அலுவலக உதவியாளர். படித்தது பொருளியல். "ஓம் ஐயா" என்றேன். அலுவலகத்தில் ஓம், வீட்டில் மலையகத்து ஆமா. இரண்டும் ஒரே அளவு பயத்தோடுதான் வருகிறது.

11.02.2025, செவ்வாய்

அலுவலகக் கணினி ஒரு தொண்டு நிறுவனம் தந்தது. பழசு. அதில் ஓடுவது லினக்ஸ், காசு கொடுக்கத் தேவையில்லாத திறந்த மூல இயங்குதளம். சிவகரன் அண்ணைக்கு அது "இலவசக் கொம்பியூட்டர்". உலாவியில் முகநூலைத் திறந்தால் கணினி மூச்சை நிறுத்திவிடுகிறது. ஆகவே, பாரமில்லாத தனிச் செயலி ஒன்றை லினக்ஸுக்குத் தேட வேண்டும்.

எப்படிப்பட்ட செயலி வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஐயாவுக்கு எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். சிவகரன் அண்ணைக்கு அது கனடாவிலுள்ள மச்சானிடம் இருக்கும் செயலியாக இருக்க வேண்டும். பொருளாளர் பத்மாசனி அக்காவுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை நேரடியாகப் பார்க்க முடிய வேண்டும். தண்ணீர் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

19.02.2025, புதன்

ஐந்து செயலிகளை இறக்கிப் பார்த்தேன். பெயர்கள் வாயில் நுழையாதவை, ஆகவே படத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறேன். யானை: அழகு, ஆனால் வேறொரு சமூக வலைத்தளத்துக்கு மட்டும் போகிறது, அங்கே எங்களில் ஒருவருமில்லை. குருவி: "கொ" என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். "கொட்டகை" என்பது ஏதோ மந்திரம் போல வந்தது. கிளி திறந்தவுடன் ஆங்கிலத்தில் நாற்பது கேள்வி கேட்கிறது. நரி எழும்பவே இல்லை.

ஆமை பச்சை நிறம். மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது. தமிழ் ஒழுங்காக நிற்கிறது.

20.02.2025, வியாழன்

நரி இன்றைக்கும் எழும்பவில்லை.

24.02.2025, திங்கள்

ஆமையின் குணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் "அனுப்பு" என்பதை அழுத்தினால் அது பிழை சொல்வதில்லை. வரிசையில் வைத்துக்கொள்கிறது. லைன் வந்த அடுத்த நிமிடமே, யாரையும் கேளாமல், அனுப்பிவிடுகிறது. இங்கே வாரத்தில் மூன்று நாள் லைன் போகும். இதைவிடப் பொருத்தமான செயலி எங்கே கிடைக்கும்?

28.02.2025, வெள்ளி

பக்கத்தில் போடுவதற்காகப் பழைய கூட்ட அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்யச் சொன்னார்கள். ஐந்து வருடப் புத்தகங்கள். ஒவ்வொரு கூட்டமும் மாலை ஐந்து மணிக்கு நன்றியுரையுடன் இனிதே நிறைவுறுகிறது. ஒரு நிமிடம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

பத்மாசனி அக்காவிடம் கேட்டேன்.

"அது சிவகரன் முதல் நாளே எழுதி வைச்சிடுவான் பிள்ளை. கூட்டத்தில சனம் கத்தேக்க எழுத ஏலுமே? வந்த ஆக்களின்ர தொகைக்கு மட்டும் இடம் விட்டு வைப்பான்."

"கூட்டத்தில வேற முடிவு வந்தால், அக்கா?"

"இதுவரைக்கும் வரேல்லையே."

அதற்குப் பிறகுதான் அதைக் கண்டேன். போன சிறுபோகம்: வாய்க்கால் தொடங்கும் மேற்பக்க வயல்களுக்கு மட்டும் தண்ணீர் என ஏகமனதாகத் தீர்மானம். முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிந்தவர்: திரு. மாயாண்டி.

அது அப்பா.

அதற்கு முந்தைய வருடமும் அப்பா. அதற்கு முந்தையதும். கடைசிப் பக்கமும் சம்மதம் என்று காட்ட ஒரு பெயர் தேவை. அப்பா எல்லாக் கூட்டத்துக்கும் போய், வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் பின்வரிசையில் இருப்பவர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அப்பா, நீங்க வழிமொழிஞ்சீங்களா?"

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "வழிமொழியிறதுன்னா என்னா புள்ள?"

07.03.2025, வெள்ளி

செயலித் தெரிவுக் கூட்டம். என் அறிக்கை பதினொரு பக்கம். நான்கு பிரதி. நான்காம் பக்கத்தில், தடித்த எழுத்தில்: "இச்செயலியில் நாள், நேரம் குறித்து வைக்க முடியாது. இணைப்பு வந்ததும் வரிசையிலுள்ளது தானாகவே வெளியாகும். ஆகவே உரிய நேரத்துக்கு முன்னர் ‘அனுப்பு’ என்பதை அழுத்தக் கூடாது."

காலையில் சிவகரன் அண்ணை கேட்டார். "எது பிள்ளை நல்லது?" "பச்சை, அண்ணை." அவ்வளவுதான். கூட்டம் தொடங்கும்போது மேசையில் கிடந்த புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: "அறிக்கையை விரிவாக வாசித்த உறுப்பினர்கள் அதனைப் பாராட்டி, பச்சைச் செயலியை ஏகமனதாகத் தெரிவு செய்தனர்." அறிக்கை அப்போது என் பையில் இருந்தது.

பாராட்டுக்கு நன்றி சொன்னேன்.

20.03.2025, வியாழன்

பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். யார் யார் என்று பார்த்தேன். எல்லாரும் எங்கள் பக்கம். போன் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்கள், அவர்களின் பிள்ளைகள், பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா. மேற்பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவர்களுக்குத் தேவையில்லை. சிவகரன் அண்ணை போன கிழமை புதிய வட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார். பெயர் "மேற்பக்க உறவுகள்".

இன்று அண்ணை நல்ல மனநிலையில் இருந்தார். "மே மாதத்தோட உம்மட ஒப்பந்தம் முடியுது என்ன? நீடிப்புக் கடிதம் நான்தான் எழுதோணும். பயப்பிடாதையும். நல்ல பிள்ளை, வாய் காட்டாத பிள்ளை."

வாய் காட்டாத பிள்ளை. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதினார்கள்.

03.04.2025, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நாளை சிறுபோகக் கூட்டம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எல்லா ஏக்கருக்கும் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் குறைவை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. மேற்பக்க வயலில் ஆளுக்கு அரை ஏக்கர் என்று எல்லாக் குடும்பமும் பிரித்துச் செய்யலாம். அப்படிச் செய்த காலமும் உண்டு என்று அப்பா சொல்வார். இல்லாவிட்டால் மேற்பக்கம் முழுதாக விதைக்கும், நாங்கள் கூலிக்குப் போவோம், போன வருடம் போல.

மத்தியானம் லைன் போனது. மூன்று மணிக்கு சிவகரன் அண்ணை புத்தகத்தோடு வந்து வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். "மேற்பக்க வயல்களுக்கு மட்டும் நீர் வழங்குவதென... ஏகமனதாக... வழிமொழிந்தவர் திரு. மாயாண்டி." அப்பாவின் பெயரை நானே அடித்தேன். அண்ணைக்கு அது என் அப்பா என்ற நினைவே இல்லை. அல்லது நினைவிருந்தது. எது மோசம்?

"இப்பவே ஏத்தி, அனுப்பு எண்டதை அமத்தி விடும் பிள்ளை. லைன் இல்லைத்தானே, உள்ளுக்க கிடக்கும். நாளைக்குக் கூட்டம் முடியப் போகட்டும். கொம்பியூட்டரை நிப்பாட்டாதையும், திரும்ப எழும்ப அரை மணித்தியாலம் வேணும்."

லைன் இண்டைக்கே வந்தால்?

கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை அண்ணை."

அழுத்தினேன். "வரிசையில்: 1" என்று ஆமை காட்டியது. கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

ஐந்தரைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது ராக்காயி அக்கா போனைப் பிடித்தபடி வேலிக்கு வந்தார். "ஏம்புள்ள, நாளைக்கு நடந்த கூட்டத்துல உங்கப்பா வழிமொழிஞ்சுட்டாராமே?"

என் போனிலிருந்து அதை அழித்திருக்கலாம். கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஆனால் போனிலிருந்து பக்கத்தை இயக்கக் கூடாது என்பது அமைப்பின் தீர்மானம். தீர்மானத்தை மீறலாமா?

என்ன பொய் இது. அழிக்க விருப்பமில்லை, அதுதான். நானோ செய்தன்? அமத்தச் சொன்னது அவர். அமத்தினது நான். வாயைத் திறந்து மூடினதும் நான்தான்.

04.04.2025, வெள்ளி

வழக்கமாக எங்கள் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வருவார்கள். இன்று அறுபதுக்கு மேல். கதிரை போதவில்லை. ஏதோ நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று மேற்பக்கத்தார் நினைத்திருப்பார்கள்.

ஐயா வரவேற்புரை தொடங்க, ராக்காயி அக்கா எழும்பினார். இந்த மண்டபத்தில் அவர் குரலை ஒருவரும் கேட்டதில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தார். "கூட்டம் மாலை ஐந்து மணிக்கு நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது." பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இப்ப மூணே கால்தானே ஐயா. அப்ப நாங்க எல்லாம் யாரு?"

முதலில் சிரித்தது மேற்பக்கம்தான். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

சிவகரன் அண்ணை எழும்பினார். "இது கொம்பியூட்டர் பிழை. லினக்ஸ் எண்டா இப்பிடித்தான். இலவசச் சாமான்." என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு கடிதத்தைப் பார்ப்பது போல.

ஐயாவும் திரும்பினார். "பிள்ளை, கொம்பியூட்டரின்ர பிழையோ?"

ஓம் என்று ஒரு சொல் போதும். எவ்வளவு பழகிய சொல்.

"இல்லை ஐயா." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கொம்பியூட்டர் சரியாத்தான் வேலை செய்தது. நாலாம் பக்கத்தில எழுதியிருக்கிறன்."

"என்ன நாலாம் பக்கம்?"

பத்மாசனி அக்கா மெதுவாகச் சொன்னார். "ஐயோ, நான் அந்த அறிக்கையில வடை சுத்திப் போட்டன்."

ஐயா அலுமாரியைத் திறந்து தன் பிரதியை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. நின்றபடியே நான்காம் பக்கத்தை வாசித்தார், இரண்டு தரம். பிறகு கூட்ட அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினார். அதற்கு நேரம் எடுத்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாயாண்டி, நீர் இதை வழிமொழிஞ்சனீரோ?"

அப்பா பின்வரிசையில் எழும்பினார். இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தார். "நான் இப்பத்தான் ஐயா வந்து குந்துறேன்."

கத்தினார்கள். நிறையக் கத்தினார்கள். சிவகரன் அண்ணை இரண்டு தரம் வெளியே போய் இரண்டு தரமும் திரும்பி வந்தார். கடைசியில், எல்லாக் குடும்பத்துக்கும் மேற்பக்க வயலில் அரை ஏக்கர், சீட்டுக் குலுக்கி. கூட்டம் முடிய ஏழு பத்து. நன்றியுரை சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

05.04.2025, சனி

அப்பா எனக்கு முந்தியே எழும்பிவிட்டார். தேநீரும் அவரே போட்டுத் தந்தார். சீனி கூடிவிட்டது.

29.04.2025, செவ்வாய்

சீட்டில் எங்களுக்கு விழுந்த அரை ஏக்கர் சிவகரன் அண்ணையின் வயலுக்குப் பக்கத்தில். இடையில் ஒரு வரம்புதான். அப்பாவும் அவரும் காலையில் ஒரே நேரத்துக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறார்கள். "கதைச்சீங்களா?" என்று கேட்டேன். "அவரு மழையப் பத்திச் சொன்னாரு. நான் ஆமான்னேன்" என்றார் அப்பா.

23.05.2025, வெள்ளி

என் ஒப்பந்தம் முடிய எட்டு நாள். நீடிப்புக் கடிதம் வரவில்லை. வராது என்று பத்மாசனி அக்கா கண்ணாலேயே சொல்லிவிட்டார். வவுனியாவில் ஒரு கடைக்குக் கணக்கெழுத ஆள் தேவையாம். விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று மாதக் கூட்டம். மேசையில் அறிக்கைப் புத்தகம் திறந்து கிடந்தது. பக்கம் வெறுமை. ஐயா பேனையை என்னிடம் தந்தார். "நீ எழுது பிள்ளை. நடக்க நடக்க எழுது."

சிவகரன் அண்ணை ஒரு பிரேரணை கொண்டு வந்தார். ஆமைச் செயலி நம்பிக்கைக்குரியது அல்ல, அதை நீக்கிவிட்டு, அனுப்ப முன்னர் செயலாளரிடம் அனுமதி கேட்கும் செயலி ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், அதற்கு ஓர் உபகுழு. மேற்பக்கத்தில் ஒருவர் வழிமொழிந்தார், உண்மையாகவே, வாயால். மண்டபத்தில் பேச்சில்லை. எல்லாருக்கும் பசி. எனக்கும் கை பழக்கத்தில் "ஏகமன" வரை போய்விட்டது.

பின்வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"இருக்கிறது ஒழுங்காத்தானே வேல செய்யுது," என்றார் அப்பா. "எதுக்கு மாத்தணும்? எனக்குச் சம்மதம் இல்ல."

"ஏகமன" என்பதை ஒரு கோட்டால் வெட்டினேன். கீழே எழுதினேன்: திரு. மாயாண்டி எதிர்த்தார்.