கையொப்பமிட்ட ஆயுதப் பட்டியல்

ஜனவரி 18, சனி

மாப் கட்டையால் ஓங்கி அடித்தால் ஓர் அரக்கனுக்கு எவ்வளவு காயம் படும்? எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருடமாக வேதியியல் நடத்துகிறவள், இன்று மதியம் லேபை ஒட்டிய பேலன்ஸ் ரூமில் ஐந்து பெண்களுக்கு எதிரே இதற்குப் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் அவர்களை விரட்டத்தான் உள்ளே போனேன். எல்லாரும் நம் கல்லூரி விடுதிப் பெண்கள், இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமை லேப் முடிந்ததும் அங்கே உட்கார்ந்து ஒரு விளையாட்டு. ஸ்வேதா கதையை நடத்துகிறாள். மற்ற நால்வரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். இப்போதைய கதையில் அரக்கன் ஒருவன் விடுதிக்குள் புகுந்து வார்டன் அறையைப் பிடித்துக்கொண்டான். வாள், வில் எதுவும் கிடையாது. விடுதியில் இருக்கிற சாமானை வைத்துத்தான் அவனை அடிக்க வேண்டும்.

அவர்கள் விதிப்படி கைக்குக் கிடைத்த எந்தச் சாமானுக்கும் ஒரே காயம்தான். கரண்டிக்கும் அதே, அம்மிக்குழவிக்கும் அதே. அபத்தம் என்றேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "அப்ப நீங்களே போட்டுக் குடுங்க மேம்" என்றாள் நால்வரில் ஒருத்தியான தூபா. அன்றிலிருந்து நடுவர் நான்.

இன்று தூபா நோட்டில் கட்டம் போட்டு எழுதி வந்திருந்தாள். இட்லித் தட்டு 2, குக்கர் மூடி 4, அரிவாள்மணை 8, அம்மிக்குழவி 10. அரிவாள்மணையை வீச முடியாது, காலால் மிதித்துப் பிடித்தால்தான் அது வெட்டும் என்று 8-ஐ அடித்து 3 ஆக்கினேன். சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தின் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டேன். ரெக்கார்டு நோட்டுப் பழக்கம். எழுதிய பக்கம் முன்னால் வந்தால் கை தானாகப் போடுகிறது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

ஜனவரி 25, சனி

மாப் கட்டைக்கு மூன்று. தூபா ஒத்துக்கொள்ளவில்லை. அரக்கன் இன்னும் சாகவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

யாராவது அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கிறார்களா என்று வார்டன் மெர்சி அறை அறையாகப் பார்த்திருக்கிறார். தூபாவின் தலையணைக்கடியில் அந்த நோட்டு. ஆயுதப் பட்டியல், விடுதியின் வரைபடம், 'வார்டன் அறை – முதல் தாக்குதல்' என்று தலைப்பு. முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மெர்சி வரைபடத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "என் ரூமுங்க மேடம். கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னுகூட எழுதி வச்சிருக்கா. நான் தனியா படுக்கறவ."

முதல்வர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இத பாருங்க தனகோடி. உங்க கையெழுத்தையே போட்டுப் பழகியிருக்கா."

என் கையெழுத்து. என் சிவப்பு மை. ஜனவரி 18.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? அவர் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

தூபாவை விசாரித்தார்களாம். விளையாட்டு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். கையெழுத்து? "நான்தான் போட்டேன்."

சனிக்கிழமை கமிட்டி. நானும் அதில் உறுப்பினர். டி.சி. கொடுத்து அனுப்புவதாகப் பேச்சு. அதில் நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் எந்தக் கல்லூரியில் சேர்வாள்?

மதியம் ஸ்வேதா லேபுக்கு வந்தாள். பியூரெட் கழுவுகிற மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நாங்க நாலு பேரும் போய்ச் சொல்லிட்றோம்னா, வேணான்றா மேம்."

"ஏன்?"

"மேம் சொல்லுவாங்க, இருங்கடின்றா."

பியூரெட்டை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 30, வியாழன்

ராணிப்பேட்டையிலிருந்து தூபாவின் அப்பா சமீருல்லா வந்திருந்தார். ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார். என்னைத் தேடிப் பிடித்தது மன்னிப்புக் கேட்க.

"இன்னா மேடம், கத்தி கித்தின்றாங்க. வெங்காயம் நறுக்கச் சொன்னாலே பேஜார் பண்ற பொண்ணு அது. உங்க கையெழுத்த வேற போட்டுச்சாமே? எம் மொகத்துக்காக மன்னிச்சுடுங்க. படிப்பு மட்டும் நிக்காம பாத்துக்கங்க."

கும்பிட்டார். என்னைப் போய்க் கும்பிட்டார். "பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாமாம்! என்னத்த பாக்கப் போறேன் நான்?

ஜனவரி 31, வெள்ளி

வேலை போய்விடும் என்ற பயமில்லை. ஒரு மெமோவோடு முடியும். சிரிப்பார்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன். ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னிடம் சொந்தக் கதை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தத் தனகோடி, அரக்கனை அடிக்கக் குக்கர் மூடிக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள் என்றால்?

இதை எழுதிவிட்டு எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் படிப்பு ஒரு பக்கம். என் வெட்கம் ஒரு பக்கம். இதை நிறுத்துப் பார்க்கத் தராசு வேண்டுமா?

நாளை பத்தரைக்குக் கமிட்டி. சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமையும் வாயைத் திறந்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

சொன்னேன். நம்பவில்லை.

"பிள்ளையைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. உங்க மனசு புரியுது" என்றார் முதல்வர். சுவரோரம் நின்ற தூபா தலையைத் தூக்கவில்லை. அவள் அப்பா கதவருகே இருந்தார்.

நோட்டை வாங்கிக்கொண்டேன். அரிவாள்மணை எட்டிலிருந்து மூன்றானது ஏன், அம்மிக்குழவிக்குப் பத்து ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் குரல் வகுப்புக் குரலாகிவிட்டது. அரக்கனைப் பற்றியும் சொன்னேன். யாரோ இருமினார்கள், இருமல் இல்லை அது. நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

மெர்சி நோட்டை இழுத்துப் பார்த்தார். "அப்ப என் ரூம்ல இருக்கறது நான் இல்லையா? அரக்கனா?"

"அரக்கன்தான்."

"நான் எங்க போனேன்?"

"மாடில" என்றாள் தூபா. இன்று அவள் பேசியது அது ஒன்றுதான். "உங்களத்தான் மேம் காப்பாத்தப் போறோம்."

மெர்சி மறுபடி பட்டியலைப் பார்த்தார். பிறகு, "குக்கர் மூடிக்கு நாலுதானா? எங்க வீட்டு அஞ்சு லிட்டர் மூடி கால்ல விழுந்து எனக்கு நகமே போச்சு" என்றார்.

டி.சி. இல்லை. எனக்கு மெமோ. ஆனால் தூபாவுக்கு விடுதியில் இடம் இல்லை என்று முடிவாயிற்று. மற்றப் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். திங்கள் முதல் ராணிப்பேட்டையிலிருந்து, வேலூரில் மாறி, இரண்டு பஸ்ஸில் வருவாள். விளையாட்டு கூடாது. நோட்டு முதல்வர் அறையிலேயே இருக்கும்.

சாமான் கட்டி முடிந்ததும் விடுதி வாசலில் சமீருல்லா என்னிடம் வந்தார். இந்த முறை கும்பிடவில்லை.

"செவ்வாக்கெழமையே சொல்லியிருக்கலாமே மேடம். நாலு நாளு அது சாப்டல."

பதிலுக்கு அவர் நிற்கவில்லை; பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். தூபா படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அவளுடைய பக்கெட், அதற்குள் சோப்பு டப்பாவும் இரண்டு செருப்பும், வராந்தாவில் நின்றது. நான் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கேட் வரை அவள் என்னுடன் பேசவில்லை. பக்கெட்டைக் கேட்டு வாங்கவும் இல்லை.