மூன்றாவது பொத்தான்

சேரன்மகாதேவி

அன்பு மகள் சங்கரிக்கு அப்பா எழுதுவது. சளித்தொல்லை தவிர நானும் அம்மாவும் நலம், பின்லாந்துப் பனியில் நீ காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நம்புகிறோம். நீ உருவாக்கிய ஆட்டத்தை எங்கள் பள்ளி அசன் மைதீன் சார் என் கைபேசியில் ஏற்றித் தந்தார், "என்ன வே, மக ஆத்தையே உம்ம கையில குடுத்துட்டா, பாத்து விளையாடும்" என்றார். என்னை முந்தித் தலைமையாசிரியர் ஆன மனிதரும் எட்டிப் பார்த்தார், நான் காட்டவில்லை.

ஆற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாய், ஆனாலும் அந்த வளைவு நம்முடையது, நாணலும் நம்முடையது. வாய்க்காலின் தலைமடை வயல் என் பொறுப்பு, கடைமடை யாரோ ஒரு தம்பியுடையது. என் வயல் நிறைந்ததும் இரண்டு பொத்தான்கள் வந்தன, மிச்சத் தண்ணீரை வடிகாலில் விடு, அல்லது தம்பியோடு சமாதானமாகிக் கீழே விடு. ஏழு முறையும் வடிகாலைத்தான் அழுத்தினேன். பாகப்பிரிவினையில் ஆற்றோரத் தென்னந்தோப்பைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிய உன் சித்தப்பா அருணாசலத்தோடு ஆட்டத்தில்கூட எனக்குச் சமாதானம் வேண்டாம். நீ அவன் பக்கம் என்பது எனக்கு முன்பே தெரியும். உன் ஆட்டம் என்னைத் திட்டவில்லை, ஆண்டு மட்டும் நகர்ந்தது. மழை ஒவ்வோர் ஆண்டும் இன்னும் தள்ளி வந்தது, கடைமடையில் ஒரு விளக்கு குறைந்தது, கொக்குகள் நிழல்போல எழுந்து போயின, பிறகு என் வயலுக்கும் தண்ணீர் வரவில்லை. பருவநிலை பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்து மடித்து வைத்திருக்கிறேன், இதை மடித்து வைக்க முடியவில்லை, அழுத்தியது என் விரல். ஞாயிறு மதியம் கண்ணயர்ந்தால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் சலசலக்கிறது, கொக்குகள் கால் நனையாமல் அதன்மேல் நிற்கின்றன, எந்தப் பக்கம் திருப்ப என்று என்னையே பார்க்கின்றன.

இந்தப் பிசான நெல் சாகுபடிக்கு மழை பொய்த்துவிட்டது. நமக்கு மூன்று நாள் முறைத் தண்ணீர், இரண்டாம் நாளே வயல் நிறைந்துவிடும், மூன்றாம் நாள் தண்ணீரை ஆறு வருடமாக வடிகாலில்தான் விடுகிறேன், முறை என் முறை என்று. நமக்குக் கீழ்வயலில் உன் சித்தப்பாவின் நாற்று தண்ணீரில்லாமல் பழுத்து நிற்பதை அம்மா இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் நாள், வியாழன் காலை, நானே போய் நம் மடையை அடைத்து வாய்க்காலைக் கீழே திறந்துவிட்டேன். தண்ணீர் பைய அவன் வரப்பு வரை போனது, வெயில் அதன்மேல் ஏறிக்கொண்டு கூடவே போனது. அவன் அங்கிருந்து, "அண்ணே, கனவு கினவு கண்டியளா?" என்று கத்தினான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவனை நான் மன்னிக்கவில்லை, அதை அவனிடம் சொல்லி வைக்காதே. அம்மா அனுப்பும் பொடியைச் சோற்றில் போட்டுச் சாப்பிடு, மீனாட்சி உன்னைக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, உன் ஆட்டத்தில் மூன்றாவதாக ஒரு பொத்தான் வை: கோபம் இருக்கட்டும், தண்ணீரை விடு. எங்களைப் போன்றவர்கள் சமாதானமாகும் வரை மழை காத்திருக்காது.

உன் அப்பா,
தில்லைநாயகம்