மாதிரி வீட்டு வாசலில் நீ நிற்கும் படம்

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், மழை பெய்து கடலைக் கொல்லையும் சுகம். சென்னையில் நீயும் மாப்பிள்ளை கோபிநாத்தும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐயனாரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே தாயி. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ரஞ்சிதா டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் படித்து நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் சந்தோஷம் பிடிபடவில்லை. கறம்பக்குடி பஸ்ஸை யாரையும் கேட்காமல் பலகையை வாசித்து ஏறுகிறேன். ரேஷன் கடையில் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை எடுத்தால், மிஷினுக்கு ஒங்க வெரல்தான் வேணும் பெரியப்பா, பேனாவ உள்ள வைங்க என்று சிரிக்கிறார்கள்.

இவ்வளவு சந்தோஷத்திலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நாலு எழுத்து எழுதுவதும் எழுந்து வாசல் வரை போய் வருவதுமாக இருக்கிறேன். தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னாயே, ஒன்று வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது, வந்துவிட்டது என்றே பேச வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி வாங்க வேண்டும், மட்டமானதை வாங்கினால் மட்டமானதுதான் நம்மைத் தேடி வரும் என்று. உன் அம்மா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். நசுங்கின லோட்டா எல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. பீரோவில் இருந்த நல்ல தட்டில்தான் இப்போது பழைய சோறு. மணமேல்குடியில் இருந்து மீன் கொண்டுவரும் ராசாத்தியிடம் மத்தி வேண்டாம் என்றதற்கு, மக வீடு வாங்குனதும் மத்தி கண்ணுக்குத் தெரியலையாக்கா, இரு, அடுத்த தடவை திமிங்கலம் கொண்டாறேன் என்றாள். உன் அம்மா அசரவில்லை. கொண்டா, ஆனா நொந்து போனதா இருக்கக் கூடாது என்றாள்.

நீ சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்துத் தெரிவதற்கு முன்பே நான் நல்ல பேனா வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டவன். கைநாட்டுக்கு எதுக்குப் பேனா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். பேனா இருக்கிறதே என்ற வெட்கத்தில்தான் வகுப்புக்கே போனேன். ஆனால் போய் உட்கார்ந்தேன் தாயி. பேனாவைக் குத்திக்கொண்டு படித்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். நம்ம வீடு வந்துருச்சும்மா, பாரு என்று நீ அனுப்பினாயே, புது வீட்டு வாசலில் பட்டுச் சேலையோடு நிற்கும் படம். உன் அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டாள், எல்லாரும் உன் சேலையைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கு உன் மாமன் நல்லதம்பி வீட்டுக்கு வந்திருந்தான். ஒங்களுக்குத்தான் இப்ப வாசிக்கத் தெரியுமே, பின்னாடி பலகையில என்ன போட்டிருக்குன்னு வாசிங்க என்று உன் அம்மா போனை என் கையில் கொடுத்தாள். என் வாழ்நாளில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனசுக்குள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். மாதிரி வீடு. பார்வைக்கு மட்டும். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை. அக்காளும் தம்பியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்வரவு என்று போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். நல்லதம்பி அன்றைக்கே தாய்மாமன் சீர் பேச ஆரம்பித்துவிட்டான். அக்கா மக பட்டணத்துல வீடு குடி போகையில சில்வர் குடத்தத் தூக்கிக்கிட்டுப் போயி நிக்க முடியுமா மச்சான், பித்தளை அண்டாவும் குத்துவிளக்குமா வேன் வச்சுப் போவோம், நமக்கும் ஒரு தரம் வேணும்ல என்கிறான். அதற்காகக் கறவை மாடு இரண்டையும் அடுத்த சந்தையில் விற்கப் போகிறான். அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றித்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. நாள் சரியில்லை, பொறு என்று ஒரு சந்தையைத் தள்ளிவிட்டேன். இன்னொரு சந்தையைத் தள்ள என்னிடம் பொய் இல்லை. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்காருகிறாள். ரஞ்சிதா டீச்சரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் போனில் படம் பிடித்து உடனே அனுப்பிவிடும், ஆனால் வாசித்துவிடுமே. அதனால்தான் புதுக்கோட்டை போய் நானே தபாலில் சேர்க்கிறேன்.

உன்னை ஏசவில்லை. நீ ஏமாற்ற நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், வரப்போவதை வந்ததாகச் சொன்னாய், இங்கே அதற்குச் சீர் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க இன்னொன்றும் தெரிகிறது. உன் கன்னம் ஒட்டியிருக்கிறது. பெரிய கடையில் காபி குடித்தால்தான் பெரிய பழக்கம் வரும் என்றாய், ராத்திரி என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. ஒசந்ததுதான் வாங்க வேண்டும் என்றால் முதலில் வயிற்றுக்கு வாங்கு. நீ இன்னும் இருப்பது வாடகை வீடுதான் என்று ஊருக்குத் தெரிந்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உன் அம்மா இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டாள், மூன்றாம் நாள் மத்தி வாங்க ராசாத்தி கூடைக்கு முன்னால் போய் நிற்பாள்.

நீயும் மாப்பிள்ளையும் சொந்த வீட்டில் விளக்கேற்றி நெடுங்காலம் வாழ வேண்டும், அந்த விளக்கு நல்லதம்பி வாங்கியதாகவே இருக்கட்டும், மாட்டை விற்காமல் வாங்கியதாக இருக்கட்டும். சந்தை சனிக்கிழமை. அதற்குள் மாமனைக் கூப்பிட்டு உன் வாயாலேயே சொல்லிவிடு, பிறகு அம்மாவிடம் சொல். முதன்முதலாக வாசித்துக் காட்டச் சொன்னபோது பொய்யாக வாசித்துவிட்டேன். நீ சொல்லிவிட்டால் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி, உன் அம்மாவுக்குச் சரியாக வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. உடையப்பன்